கல்யாணத்துக்குப் போன சக்கரம்

அன்று காலையும் கோதண்டம் சாரை மனத்துக்குள் திட்டிக்கொண்டுதான் திருப்பாலைவனம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பொன்னேரியிலிருந்து வரும் அவருடைய காரில் ஏறிப் பழவேற்காட்டுப் பள்ளிக்குப் போவது என் வழக்கம். தாமதமாக வருவது அவருடைய வழக்கம். கைபேசி அடித்தபோது, மூலை திரும்பிவிட்டேன் என்று பொய் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பேசியது அவருடைய மனைவி சரோஜா அக்கா. நெஞ்சு வலிக்கிறது என்று விடியற்காலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு பொன்னேரி மருத்துவமனைக்கு வந்த சார், வந்த கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டார். "நான் இன்னா டீச்சர் செய்வேன்?" என்று அக்கா கேட்டார். பொன்னேரிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய கணக்கு வகுப்பு நினைவிருக்கும். ஆண்டு விழாவில் யாரும் கேட்காமலே அவர் பாடிய பாட்டுகளும் நினைவிருக்கும். அவற்றை நாம் அப்போதே மன்னித்துவிட்டோம். நான் சொல்ல வந்தது அவருடைய கார் டாஷ்போர்டில் ஓயாமல் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கைப் பற்றி. அந்தக் காரில் ஏறிய எல்லாரும் அது என்னவென்று கேட்டிருப்பீர்கள். அவர் சொன்ன பதிலுக்குக் காரணமான சம்பவம் நடந்த அன்று நான் கூட இருந்தேன்.

அது ஒரு முகூர்த்த நாள். திருப்பாலைவனத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பூமாலை கட்டிய கார் ஒன்று சாலையோரத்தில் சாய்ந்து நின்றது. உள்ளே மணப்பெண் செல்வி, கடலோரக் குப்பத்து மீனவப் பெண். மாப்பிள்ளை டில்லிபாபு திருப்பாலைவனத்துக்காரன். நெல் விவசாயம் பார்க்கும் குடும்பம். காதல் கல்யாணம். பையன் வீட்டில் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் தவறினால் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று அவனுடைய தாய்மாமன் ஊர் கேட்கச் சொல்லியிருந்தாராம். பெண்ணை அழைத்துவர டில்லிபாபு தன் காரையே அனுப்பியிருந்தான். குப்பத்து மண்பாதையில் கிடந்த சிப்பி ஓடுகள் அதன் இரண்டு டயர்களைக் கிழித்துவிட்டன. ஒன்றுக்கு ஸ்டெப்னி மாட்டியாயிற்று. இன்னொன்றுக்கு வழியில்லை.

எங்கள் காரில் ஏறிக்கொள்ளுங்கள் என்று சார் சொன்னார். பெண்ணின் அத்தை ஒப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டு வண்டியை விட்டுப் பெண் நடுவழியில் இறங்கினாள் என்று ஒரு பேச்சு வந்தால், அந்தத் தாய்மாமனுக்கு அது ஒன்றே போதும் என்றார். நான் இந்தக் காலத்தில் இதெல்லாம் பார்ப்பார்களா என்று ஆரம்பித்தேன். செல்வி அழுதுகொண்டிருந்தாள். கோதண்டம் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜாக்கியை எடுத்தார்.

"நீங்க பேசி ஜெயிக்கறதுக்குள்ள நான் கழட்டி மாட்டிடுவேன் டீச்சர்" என்றார்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகைக் கார். அவருடைய ஸ்டெப்னியோ ஒரு வாரமாகப் பழவேற்காட்டுப் பஞ்சர் கடையில் கிடந்தது, அவர் அப்படித்தான். அதனால் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தையே கழற்றிக் கொடுத்தார். கல்யாணக் கார் பறந்தது. நாங்கள் மூன்று சக்கரத்தோடு பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவரைத் திட்டுவதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது, திட்டினேன். கடைசியில் மாப்பிள்ளைக் கோலத்திலேயே டில்லிபாபு யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினான். தாலி கட்டியாயிற்று என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் கல்யாணச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்தான், பஞ்சர் கடையிலிருந்து ஸ்டெப்னியை எடுத்துவரவும் ஆள் அனுப்பினான். சார் சாலையோரத்திலேயே பிரித்துச் சாப்பிட்டார். என் பங்கு வடையையும் சாப்பிட்டார்.

சில நாள் கழித்து மணமக்கள் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சாருக்கு அதைப் பார்த்ததும் வாங்க மனம் வரவில்லை. அது உங்கள் வண்டியிலேயே ஓடட்டும் என்று சொல்லிவிட்டு, கிழிந்த டயரை எடுத்துப் புது டயர் போட்ட அவர்களுடைய சக்கரத்தைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்துதான் மஞ்சள் விளக்கு. சர்வீஸ் சென்டரில் விவரம் சொன்னார்கள். சக்கரத்துக்குள், காற்றடிக்கும் வாய்க்குப் பக்கத்தில், சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கார் தன்னுடைய நான்கு சென்சார்களை மட்டுமே அடையாளம் காணும், அதுவும் அவை பக்கத்தில் இருந்தால்தான். அதில் ஒன்று பதில் சொல்லாததால் விளக்கு எரிகிறது. புதியதைப் பதிந்துவிட்டால் அணைந்துவிடும். சார் வேண்டாம் என்றுவிட்டார். வண்டி தினமும் வருகைப்பதிவு எடுக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருத்தன் ஆப்சென்ட் என்றேன் நான். "ஆப்சென்ட் இல்ல டீச்சர், ஓ.டி. ஆன் டூட்டி" என்றார்.

காரைக் கிளப்பியதும் அந்த விளக்கு கொஞ்ச நேரம் கண்சிமிட்டிவிட்டு நிலையாக எரியத் தொடங்கும். அப்போது அவர் அதைப் பார்த்துச் சொல்வது இதுதான்: "கல்யாணத்துக்குப் போயிக்கீது, வந்துடும்."

சரோஜா அக்காவுக்கு அந்த விளக்கைக் கண்டாலே ஆகாது. எனக்கும்தான். எப்போதும் எரிகிற விளக்கு, வேறு டயரில் காற்று இறங்கினால் எப்படிச் சொல்லும் என்று சண்டை போட்டேன். மறுநாளே காற்று அளக்கும் கைக்கருவி ஒன்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் நான்கு சக்கரத்துக்கும் மண்டி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவருடைய தாமதத்துக்கு அப்படி ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

அவரைப் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குக் கொண்டுபோனோம். அவர் போன வண்டிக்குப் பின்னால் அவருடைய காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் அக்கா. விளக்கு கண்சிமிட்டியது, பிறகு நிலையாக எரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். திருப்பாலைவனத்தில் டில்லிபாபுவும் செல்வியும் குழந்தையோடு அதே கல்யாணக் காரில் காத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். சாலை குறுகல்; ஒட்டினாற்போலப் போய்க்கொண்டிருந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் கையைத் தொட்டார்.

"டீச்சர், லைட்டப் பாருங்க."

அணைந்திருந்தது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டுது" என்றார். அதுவரை அழாமல் ஓட்டிக்கொண்டு வந்த எனக்கு அதற்குப் பிறகு சாலையே தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து டில்லிபாபு குடும்பம் கிளம்பிப் போனதும் விளக்கு மறுபடி எரிந்தது. சர்வீஸுக்கு விட்டுச் சரிசெய்து தரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேணாம் டீச்சர். அது தேடிக்கினே இருக்கட்டும்" என்றார்.

இப்போது அந்தக் காரை நான்தான் பள்ளிக்கு ஓட்டி வருகிறேன். அக்காவின் விருப்பம் அது. காற்று அளக்கும் கைக்கருவியும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் நான்கு சக்கரத்துக்கும் மண்டி போடுகிறேன். என்னுடைய தாமதம் உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. வண்டியைக் கிளப்பியதும் விளக்கு கண்சிமிட்டுகிறது. கல்யாணத்துக்குப் போயிக்கீது என்று சொல்லிவிடுகிறேன். 'வந்துடும்' என்பதைத்தான் இன்னும் சொல்ல முடியவில்லை.