கேசட் ஓட்டையில் அடைத்த காகிதம்

போன வாரம் என் மடிக்கணினிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைத்தேன். எமுலேட்டர் என்கிறார்கள்; புது இயந்திரத்தைப் பழையதாக நடிக்க வைக்கிற மென்பொருள். எண்பதுகளின் கடைசியில், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு டிவியோடு இணைத்த ரப்பர் பொத்தான் பெட்டி, அச்சு அசலாகத் திரையில் வந்து நின்றது. எனக்குத்தான் முகம் சுருங்கியது.

அந்தப் பெட்டியை அணைத்தால் எழுதியதெல்லாம் போய்விடும். அதனால் பாட்டு கேசட்டில் ஒலியாகப் பதிந்து வைக்க வேண்டும். மறுபடி டேப்ரெக்கார்டரில் ஓட்டினால் பெட்டி கேட்டுப் புரிந்துகொள்ளும். மாமா இதையெல்லாம் அக்காவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் கிட்டே போனால், "நீ அப்டி ஓரமா ஒக்காரு பாப்பா" என்பார். எனக்கு வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கம்ப்யூட்டர் படிக்க ஆசை. தட்டச்சு போதும் என்றிருந்த அப்பா கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். "அதுல நம்மளுக்கு ஆவற மாதிரி எதுனா செஞ்சி காட்டு. அப்பால பாக்கலாம்."

எந்தத் தேதியைத் தட்டினாலும் அன்று அப்பாவுக்குத் தொழிற்சாலையில் எந்த ஷிப்ட் என்று சொல்லும் புரோகிராமை அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். கேசட்டில் பதிந்ததும் அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டாள். பல் உடைந்த கேசட்டில் வேறெதுவும் பதியாது. அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்தால் பதியும் என்பதும் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்டேன். ஒரே கீச்சுச் சத்தம். இந்தக் கூச்சலுக்கா இவ்வளவு மரியாதை? பாதியில் நிறுத்தி, நான் வாய்ப்பாடு எழுதிய கணக்கு நோட்டில் ஒரு துண்டு கிழித்து ஓட்டையில் திணித்தேன். நிறுத்திய இடத்திலிருந்தே ஞாயிறு பள்ளிப் பாட்டைப் பாடிப் பதிந்தேன். தெரியாமல் செய்ததாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சாயங்காலம் மாமா ஊருக்குப் போகிறார், பெட்டியும் அவரோடு போகிறது. திரையில் முதலில் அந்தப் புரோகிராமின் பெயர் வந்தது. ஆங்கில எழுத்தில், அப்பா. அதைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கோடுகள் ஓடி, பாதியில் நின்றன. அக்கா திரும்பத் திரும்ப ஓட்டினாள். கடைசியில் டேப்ரெக்கார்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள். கீச்சுச் சத்தம் சட்டென்று அறுந்து, என் குரல் ஆண்டவரைத் துதிக்க ஆரம்பித்தது.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா, உன் கம்ப்யூட்டரு ஞாயித்துக்கெயமன்னு பாட்டு பாடிகினு கீது?"

அக்கா கேசட்டை எடுத்து அதன் முதுகையே பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான்பா பல்ல ஒடைக்க மறந்துட்டேன். பாப்பா தெரியாம பாடிக்கீது."

"சரி உடு. டைப்ரைட்டிங்கே போ" என்றார் அப்பா. அக்கா போனாள்.

அம்மா வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவந்த அதே கேசட்டைத்தான் போன வாரம் டேப்ரெக்கார்டரில் ஓட்டி எமுலேட்டருக்குக் கொடுத்தேன். அப்பா என்ற அந்தப் பெயர் வந்தது. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் தெரியாத நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடி, அதே இடத்தில் நின்றன. வெட்கமாக இருந்தது. கேசட்டை மூடி வைக்கப் போனபோது டப்பாவின் அட்டைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத் துண்டு விழுந்தது. என் கையெழுத்தில் பதினாறாம் வாய்ப்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்தது இவ்வளவுதான்: பற்களை உடைத்ததே அக்காவுக்கு மறந்துபோயிருக்கிறது, நான் பிழைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் மதியம் கறிச்சோறு இரண்டாம் தடவை கேட்டேன். அக்காதான் போட்டாள்.