நான் கழற்றிய வாங்குகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டென்மார்க்கில், கோல்டிங் நகரத்தில் கட்டட வேலைக்குக் கூலியாளாகச் சேர்ந்து, மூன்றே வருடத்தில் மேற்பார்வையாளன் ஆனேன். என்னோடு வந்தவர்களில் வேறு ஒருவனும் ஆகவில்லை. சொன்னால் பெருமை என்பார்கள். உண்மையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அந்தப் பதவி லித்துவேனியாவில் கிடைத்தது. சோசலிச ஆட்சி போன பிறகு, அங்கிருந்த பழைய தொடர்மாடிகளைப் புதுப்பிக்க எங்கள் கொம்பனி போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்து கதைக்க இரண்டு நீள மர வாங்குகள். அவற்றைக் கழற்றினால் கார் விட இடம் வரும் என்று முதலாளிக்குச் சொன்னவன் நான்தான். கழற்றி அடுக்கிய வாங்குகளின் மேல் ஏறி நின்று எடுத்த படம் இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது.

மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். அப்படியான சோசலிச காலத்து நகரங்களை யார் மாற்றினார்கள், அதனால் குடியிருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் அவளுடைய வேலை. அந்தப் படத்தைத் தன் புத்தகத்துக்குக் கேட்டாள். அதை எங்கள் தேவாலயச் சபையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு வந்தாள். எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்பவள் அன்று தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, அந்த வாசலிலை இருந்த ஒரு மனிசியைக் கண்டு கதைச்சனான். வாங்கு போனாப்பிறகு அவ கீழை இறங்கிறதே இல்லையாம். சிநேகிதியளும் வாறதில்லையாம்."

"ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருக்கிறதுதானே?"

"நாலாம் மாடியிலை இருந்தோ? லிப்டும் இல்லை. நீங்கள்தானே வீரர், போய்த் தூக்கிக் குடுங்கோவன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேலையாக்களுக்குத் தேத்தண்ணி குடுத்தவவாம். வாங்குக்குப் பெயின்ற் அடிக்க வந்திருக்கினம் எண்டு நினைச்சவவாம்."

எனக்கு நினைவிருந்தது. கண்ணாடிக் குவளை, அடியில் எலுமிச்சைத் துண்டு. குடித்து முடித்து, குவளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பனரை எடுத்தேன். அவர் சிறிது நேரம் குவளையோடு அங்கேயே நின்றார்.

மகள் ஒரு தாளை நீட்டினாள். படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பெற்ற தகப்பனுக்கும் அதே சட்டம்தான்.

"உங்கடை முகத்தை மறைச்சுப் போடட்டோ அப்பா? ஒருத்தருக்கும் தெரியவராது."

சுவரைப் பார்த்தேன். படத்தில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மறைக்காதை," என்றேன். "அந்த மனிசி பாத்தா, ஆர் எண்டு தெரியவேணும்."

கையெழுத்து வைத்தேன். படத்தைக் கழற்ற அவள் கதிரையில் ஏறினாள். அது ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.