மீட்டரம்மாவின் பழைய பாதை

தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு. வீட்டில்தான் அவளுக்குப் பெயர். தெருவுக்கெல்லாம் அவள் மீட்டரம்மா. ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. சில மீட்டர்கள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும், சில நாலாவது மாடியில் குளியலறைச் சுவரோரம் ஒளிந்திருக்கும். குனிந்து மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த பாசியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு நிமிர வேண்டும். இப்படியே போன இருபத்து மூன்று வருஷத்தில் உடற்பயிற்சி என்ற வார்த்தையே அவள் வாயில் வந்ததில்லை. அதற்கு நேரம் ஏது?

புருஷனுக்கு பேக்கரியில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார். கிளம்புமுன் அவளுக்கு டப்பா கட்டி வைத்துவிடுவார். வேகவைத்த பயறு, நறுக்கின வெள்ளரி, கேரட், ஒரு முட்டை, ஒரு பழம்.

"நாலு மாடி ஏறுறவளுக்கு வயிறு லேசா இருக்கணும்" என்பார். மாவிலேயே கிடந்த மனுஷர், அந்த டப்பாவில் ஒரு துண்டு ரொட்டிகூட வைத்ததில்லை.

பெரிய தெருவில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே கடிகாரம் பழுதுபார்க்கிறவர் கடை போட்டிருந்தார். மதியம் அங்கேதான் டப்பாவைத் திறப்பாள். ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவர், "நீ ஏறி எறங்குறதைப் பாத்தாலே எனக்கு மூச்சு வாங்குதும்மா" என்பார்.

பிறகு மீட்டர்கள் மாறின. புது மீட்டர் தானே கணக்கை ஆபீசுக்கு அனுப்பிவிடும். அவளுக்குப் புகார்ப் பிரிவில், மூன்றாவது மாடியில், ஒரு நாற்காலி கொடுத்தார்கள். புருஷனுக்கு வாயெல்லாம் பல். "உக்காந்து சம்பளம் வாங்குற காலம் வந்துருச்சு உனக்கு." ஆபீசில் கேன்டீன் இருந்ததால் டப்பா பரண் ஏறியது. சாயங்காலம் அவர் கொண்டுவரும் பன்னும் கேக்கும் மேஜைக்கு வந்தன. அவளும் ஆசையாகத்தான் சாப்பிட்டாள்.

மூன்று வருஷம் போனது. ஒருநாள் காலை ஆபீஸ் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடி வருவதற்குள் கண் இருட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்கிற சின்னப் பெண்கள் "மெதுவா வாங்க ஆன்ட்டி" என்று தாண்டிப் போனபோது அவளுக்கு மூச்சைவிட மானம்தான் அதிகம் போனது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடாம இருக்கறது உங்க கையிலதான். தினமும் நடங்க. மைதா, இனிப்பைக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

அன்று சாயங்காலம் புருஷன் பொட்டலத்தைப் பிரித்தார். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இனிமே இதைக் கொண்டு வராதீங்க."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கறதுதான் பிரச்சனை."

விஷயம் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. முப்பது வருஷம் சுட்ட கை. "என் கையாலயே உன்னைக் கெடுத்துட்டேனா?" என்றார்.

"நீங்க ஊட்டியா விட்டீங்க? நான்தானே தின்னேன்."

அவர் எழுந்து போய்ப் பயறு டப்பாவைத் தேடினார். நெடுநேரம் கழித்து, பயறு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

நடப்பதற்குப் பூங்காவுக்குத்தான் போனாள். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம். மூன்றாம் நாளே சலித்துவிட்டது. நாலாம் நாள் ஆபீஸ் விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் கால் தன்பாட்டுக்குப் பெரிய தெருப் பக்கம் திரும்பியது. பழக்கப்பட்ட கால். முதல் கட்டடத்தில் நாலு மாடியும் ஏறினாள், மாடிக்கு மாடி நின்று நின்று.

ஒரு கதவு திறந்தது. "மீட்டரம்மாவா? என்னம்மா, மெஷின் கெட்டுப்போச்சா?"

உடம்புக்காக நடக்கிறேன் என்று சொல்ல வெட்கமாயிருந்தது. "சும்மா ஒரு செக்கிங்" என்று மூடியைத் தூக்கிப் பார்த்துவைத்தாள். குனிந்தபோது முழங்கால் முனகியது. ஆனாலும் ஈர சிமென்ட் வாசனை மூக்கில் ஏறியதும், தொலைந்துபோன ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்த மாதிரி இருந்தது.

கடிகாரக்காரரிடம் அந்தப் பொய் செல்லவில்லை.

"ஒரு வாரமா பாக்குறேன். நோட்டும் இல்ல, பேனாவும் இல்ல. அப்படி என்ன செக்கிங்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் டாக்டர் ஒரு வருஷமா சொல்றாரு. முட்டி ரெண்டும் துருப்பிடிச்சுக் கெடக்கு. வேலையில்லாம தெருவுல நடந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"என்கூட வாங்கண்ணே. ரெண்டு பேரா நடந்தா ஏதோ வேலையாப் போறாங்கன்னு நெனைச்சுக்குவாங்க."

முதல் நாள் அவரால் தபால்பெட்டி வரைதான் முடிந்தது. மாதம் முடிவதற்குள் தெருக்கோடி தொட்டார். போகிற வழியெல்லாம் எந்தக் கடிகாரம் எந்த வீட்டில் நின்றுபோனது என்று அவர் சொல்ல, எந்தக் குழாய் எந்த வீட்டில் ஒழுகியது என்று இவள் சொல்வாள்.

மூன்று மாசத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஆறு மாசத்தில் வாசலைவிட்டே போனது. இடையில் ஒரு கல்யாணத்தில் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டதை அவள் டாக்டரிடம் மறைக்கவில்லை.

பிறகு கடிகாரக்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போன வருஷம் பேக்கரி வேலையை விட்ட புருஷன்தான் இப்போது அவளோடு நடக்கிறார். அத்தனை வருஷம் அவள் வாயால் மட்டுமே கேட்டிருந்த தெரு அவருக்கு. வீட்டுக்கு வீடு நின்று விசாரிக்கிறார்.

"இது யாரு வீடு?"

"ரெட்டைப் பிள்ளை பொறந்த வீடு. அந்த மாசம் மீட்டர் மூணு மடங்கு ஓடிருந்துச்சு. தப்பாப் படிச்சுட்டேன்னு மறுபடியும் மாடி ஏறினேன். துவைச்ச துணி கொடியெல்லாம் தொங்குது."

"இப்ப அவங்க இருக்காங்களா?"

"இல்ல. பிள்ளைங்க வளந்து எங்கெங்கயோ போயாச்சு. வாங்க, நின்னா உடம்பு ஆறிடும்."

இருவரும் அடுத்த கட்டடத்தின் படியில் கால் வைத்தார்கள்.