ஊசிக்கு முன்பே வந்த காய்ச்சல்

அந்த வட்டாரத்தில் அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். சும்மா சொல்லக்கூடாது, கைராசி அப்படி. குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும். பத்தொன்பது வருடமாகத் தடுப்பூசி மையத்தில் அதுதான் வேலை.

பெருந்தொற்று வந்த வருடம் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. மையத்துக்குப் புதுத் தடுப்பூசி வந்து சேர்ந்ததோ அதற்கு இரண்டு மாதம் கழித்து. முதல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். அப்புறம் வீடு வீடாகப் போய், மாட்டேன் என்றவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் கூட்டி வந்தாள்.

காய்ச்சல் போனதே தவிர அசதி போகவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. அடுப்பில் பால் வைத்தது மறந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவியது. மையத்து டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், மாடியில் குடியிருந்த நாத்தனார்.

நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். படியில் நின்று மூச்சு வாங்கியவளை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, இப்படி இளைக்குது? எல்லாம் அந்த ஊசியாலதான்."

"காய்ச்சல் வந்தது எப்போ, ஊசி போட்டது எப்போ? எது முதல்ல வந்துச்சு, சொல்லு பாப்போம்."

"எனக்கென்னமோ ஊசிதான்னு தோணுது."

"சரி தாயே. வெளியில மட்டும் மூச்சு விட்டுடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஊசி போடுகிறவளுக்கே உடம்பு சரியில்லை என்றால் போதாதா? தெருவுக்கு மெல்ல அவல் கிடைத்த மாதிரி. அப்புறம் எவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள்? தட்டம்மை ஒரு குழந்தையை என்ன செய்யும் என்று பார்த்தவள் அவள். ஆக, ஒன்றரை வருடம் சிரித்துக்கொண்டே சமாளித்தாள், பிடிவாதக்காரி.

ஒரு புதன்கிழமை, தட்டம்மை ஊசி போடும் நாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பதினெட்டாவது குழந்தை வரும்போதே வீறிட்டுக்கொண்டு வந்தது. அதன் அம்மா குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கதவருகே யாரோ ஏதோ கேட்டார்கள். ஊசியக்கா பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கையில் பஞ்சு இருந்தது. போட்டாயிற்றா? இல்லையா? எவ்வளவு யோசித்தும் பிடி கிடைக்கவில்லை.

கார்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. பெற்றவளே பார்க்கவில்லையே! அந்த யோசனை அவளுக்கு வரவில்லை என்று நான் சொன்னால் அது பொய். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டாள்.

திறந்ததை மூடி வைத்தாள். டாக்டரம்மா உள்ளறையில் இருந்தார். அங்கே கேட்கும்படி சொன்னால் வரிசைக்கும் கேட்கத்தான் செய்யும்.

"டாக்டரம்மா! இந்தக் குழந்தைக்குப் போட்டேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

டாக்டரம்மா வந்து, அன்று காலை புதிதாக வைத்த பெட்டியைத் திறந்து, போட்டுக் கழித்த சிரிஞ்சுகளை எண்ணினார். பதினேழுதான் இருந்தன. குழந்தைக்கு ஊசி போடவில்லை.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"அந்தக் காய்ச்சல் வந்ததிலேர்ந்து." ஊசியக்கா வரிசையின் பக்கம் திரும்பினாள். "ஊசி வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வந்துச்சு. காய்ச்சல் விட்டுட்டுப் போன சீக்கு இது, ஊசியால இல்ல."

"இனிமே நீங்க ஊசி போட வேண்டாம். முதல்ல உங்க உடம்பைப் பாப்போம்."

குழந்தையின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊசியக்கா அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாசல் பக்கம் திரும்பிவிடுமோ என்று.

"அப்போ யாரு போடுவாங்க?" என்று கேட்டாள் அந்த அம்மா.

உதவிக்கு இருந்த சின்ன நர்ஸ் வந்து சிரிஞ்சை எடுத்தாள். ஊசியக்கா குழந்தையின் கை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. அடுத்தவள் தன் பிள்ளையோடு முன்னால் நகர்ந்து வந்தாள், அவளுக்குப் பின்னால் நின்றவளும் வந்தாள். ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. இதற்காகவா ஒன்றரை வருடம் பயந்து செத்தோம் என்ற ஆத்திரமோ என்னவோ, குழந்தையைவிடச் சத்தமாக ஊசியக்கா அழுதாள்.