அண்ணனின் பின்தலை

பிணவறை வாசலில் அப்பா என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"அவனே சுட்டுக்கிட்டானான்னு மட்டும் கேட்டுட்டு வா."

அண்ணன் தேயிலை மலைக்கு மேலே, காட்டோரத்தில் கிடந்தான். பக்கத்தில், கம்பி இழுபட்டால் வெடிக்கும்படி பன்றிக்குக் கட்டும் நாட்டுத் துவக்கு. அன்று காலையில்தான், வேலைக்குப் போகாததற்கு, "செத்துத் தொலை" என்று அப்பா அவனை ஏசியிருந்தார். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்டது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கண்டியில் துணிக்கடையில் வேலை. சிங்களம் தெரியும் என்று என்னை உள்ளே அனுப்பினார்கள்.

சட்ட வைத்தியர் மெதுவாகச் சொன்னார். குண்டு பின்தலையில் நுழைந்திருக்கிறது. எலும்பின் வெளிப்பக்கம் ஓட்டை சின்னது, உள்பக்கம் அகலமாகப் பெயர்ந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே போன வழி அதுதானாம். எங்கள் கடைக் கண்ணாடியில் ஒருமுறை கல் பட்டபோது ஓட்டை அப்படித்தான் இருந்தது. தூளை நான்தான் கூட்டினேன். அது ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை.

தோலில் கரி இல்லை, முடி கருகவில்லை, துவக்கு தள்ளி இருந்திருக்கிறது, அண்ணன் தன் கையால் சுட்டதில்லை என்றார். குனிந்தபோது, பன்றிக்குக் கட்டியிருந்த கம்பியைத் தெரியாமல் இழுத்திருக்கலாமாம். நான் தலையாட்டினேன். வைத்தியர் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

வெளியே வந்து சொன்னேன்.

"அவன் சுட்டுக்கலப்பா. பின்னாலருந்து பட்டிருக்கு."

"பின்னாலயா?"

"ஆமாப்பா."

எங்கள் ஊர் கலஹாவுக்கு ஏறும் வரைக்கும் வேனில் அதையே கேட்டார். "நல்லா வெளங்கிச்சா ஒனக்கு? வேற மாதிரி ஒன்னும் சொல்லலியே?"

வீட்டில் எண்ணெய், சீயக்காய் வைத்தார்கள். செத்தவர் தலையில் புறங்கையால்தான் வைப்போம். காதிலிருந்து காதுவரை தையல் ஓடியது. அத்தை மாமாவை அதட்டினார்.

"மம்பட்டி புடிக்கிற மாதிரி வராதீங்க. தையல்ல படாம வைங்க."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்தினார்கள்.

அதுவரை கிட்டே வராத அப்பா கடைசியில் எழுந்து வந்தார். எண்ணெயை உள்ளங்கையில் வாங்கினார். அண்ணன் தலையை லேசாகத் தூக்கி, பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். அந்த இடத்தில் கை நின்றது. பிறகு, தீபாவளிக் காலையில் எங்களுக்குத் தேய்ப்பதுபோல் தேய்க்கத் தொடங்கினார்.

"அண்ணே, பொறங்கையால வைங்கண்ணே!" என்றார் அத்தை.

அப்பா திரும்பவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். கிண்ணம் என்னிடம்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.