பிணமாக நடித்தவர் இளைத்திருந்தாரா?

"படத்துல அந்தச் செத்துப்போறவர் இளைச்சிருக்காரோ?" என்று கேட்டபடியே விசாலாக்ஷி மாமி ராமபத்ரனின் இலையில் ரசம் விட்டாள். ரசம் சாதத்தைத் தாண்டி இலை ஓரத்துக்கு ஓடியது. மாமியின் கண் இலையில் இல்லை. ராமபத்ரனின் வாயில் இருந்தது.

அவன் கையால் ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டே, "பொணம் இளைச்சா என்ன, தடிச்சா என்ன மாமி?" என்றான்.

"வெறுதே கேட்டேன். கழுத்தெலும்பு தெரியறதோ?"

"கோட்டு போட்டு விட்டிருக்கா. கழுத்தே தெரியலை."

மாமி நின்றாள். "கோட்டா? அவருக்குக் கோட்டு போட்டா வேர்க்குமே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். ராமபத்ரன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

மட்டாஞ்சேரி ஜெட்டிக்குப் போகிற சந்தில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது மாமியின் மெஸ். படி ஏறும்போதே மூக்கில் சுக்குக் காரம் ஏறும். வெலிங்டன் தீவில் கப்பல் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பாலக்காட்டுப் பையன்கள்தான் சாப்பிட வருகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன். காலைப் படகுக்கு முன்னால் ஒரு பந்தி, சாயங்காலப் படகில் திரும்பியதும் ஒரு பந்தி. படகு கொஞ்சம் தாமதமானால் போதும், மாமி அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவாள். யாராவது தும்மினால் மறுநாள் அவன் இலைக்குப் பக்கத்தில் கஷாயம் இருக்கும். நாம் ஒரு பிடி சாதத்தைப் பிசைவதற்குள் "உப்பு சரியாட்டு இருக்கோ?" என்று கேட்பாள், நாம் பதில் சொன்னாலும் நம்பமாட்டாள். "எனக்கு எல்லாத்துக்கும் பேடியாக்கும், ஒரே பயம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் நெற்றிச் சுருக்கம் போகாது.

அந்த வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரிக் கொட்டகைக்கு ஒரு தமிழ்ப் படம் வந்தது. ஒரு கொலை, அதைச் சுற்றி வயிறு வலிக்கச் சிரிப்பு. ஒரு பணக்காரரின் காரியஸ்தர் முதல் காட்சியிலேயே செத்துப்போகிறார். பழி தங்கள் மேல் விழுந்துவிடுமே என்று பயந்த மூன்று நண்பர்கள், பிணத்துக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி, ரயிலிலும் கல்யாண வீட்டிலும் உயிருள்ள ஆள் மாதிரி உட்காரவைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள். கொன்றவன் யார் என்பது கடைசியில்தான் தெரியும்.

மாமி படத்துக்குப் போகவில்லை. ஆனால் போய்வந்தவர்கள் ஒருவரையும் அவள் விடவில்லை. எங்கள் பந்தியில் சாப்பிடுகிற வெங்கிட்டு, "சுத்த போர். கொன்னது யாருன்னு இடைவேளைக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றான்.

"கொன்னவன் கிடக்கட்டும். செத்தவர் எப்பிடி?"

"செத்தவர் செத்தவராட்டு இருந்தார்."

அந்தப் பதில் மாமிக்குப் போதவில்லை. கீரை கொண்டுவருகிற மலையாளத்துக் கிழவர் படம் பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவரைப் படியிலேயே உட்காரவைத்துச் சாயா கொடுத்தாள். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். "சிரிச்சு சிரிச்சு வயறு நொந்து, அம்மாளே" என்றார்.

"எப்போ சிரிச்சேள்?"

"சவம் வரும்போழெல்லாம்!"

கிழவர் அதை நினைத்து மறுபடியும் சிரித்தார். மாமி வாங்கிய கீரையைப் படியிலேயே மறந்துவிட்டு உள்ளே போனாள்.

இதெல்லாம் மாமியின் விசித்திரங்களில் ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம்வரை. அன்று இலை போடுவதற்கு முன்னால் ராமபத்ரன் கூடத்தில் நடித்துக் காட்ட ஆரம்பித்தான். வாயைப் பிளந்துகொண்டு, தலையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, சுவரோடு சாய்ந்தான். வெங்கிட்டு அவன் கையைப் பிடித்து எல்லோருக்கும் கும்பிடு போடவைத்தான். பந்தி முழுவதும் உருண்டு சிரித்தது. உள்ளேயிருந்து பாத்திரத்தோடு வந்த மாமி வாசற்படியில் நின்று ராமபத்ரனையே பார்த்தாள். பிறகு பாத்திரத்தோடு திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் கூட்டு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மாமி சமையலில் அப்படி ஒரு வாசனை அதற்கு முன் வந்ததேயில்லை.

தண்ணீர் கேட்கிற சாக்கில் நான் உள்ளே போனேன். மாமி அடுப்பை அணைக்காமல் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"ராமபத்ரனைத் திட்டாதேங்கோ" என்றாள். "அவனுக்குத் தெரியாது. படத்துல அது எங்காத்துக்காரராக்கும்."

வாஞ்சிநாதன் என்று அவருக்குப் பெயர் என்பதும், மெட்ராஸில் சினிமாவில் இருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மிளகு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். எங்களவர்கள் கூடுகிற சமூக மடத்து நாடகங்களில் கிடைத்த கைதட்டலை நம்பி வண்டி ஏறியவர். தீபாவளிக்கு மட்டும் வருவார். இதுவரை கூட்டத்தில் நின்றிருக்கிறார், ஒரு தடவை தந்தி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"கடசியா வந்தப்போ, 'விசாலம், இந்தத் தடவை படம் முழுக்க வரேன்'னு சொன்னார். நான் எத்தனை சந்தோஷப்பட்டேன்! பொணமாட்டுன்னு சொல்லலை. அங்கே போனப்பறம் கடுதாசில ஒரு வரி எழுதறார்."

"நடிப்புதானே மாமி."

"கழுத்துல தாலியோட போய் அவரை அப்பிடிப் பாக்கலாமோ? பாத்து, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணு கேளுங்கோ. ஜனங்களுக்குப் பிடிச்சுதுன்னா அவர் அங்கேயே இருந்துடுவார். பிடிக்கலைன்னா மனசொடிஞ்சு போயிடுவார். நன்னா இருக்குன்னு நீங்கள்லாம் சொன்னாலும் எனக்குப் பேடி, நன்னா இல்லைன்னாலும் பேடி. எதைக் கேக்கறதுக்காக இப்பிடி எல்லாரையும் கேக்கறேன்னு எனக்கே தெரியலை."

நான் கூடத்துக்குத் திரும்பி ராமபத்ரனிடம் சொன்னேன். அவன் அன்று மோர் சாதத்துக்கு நிற்கவில்லை. மறுநாள் காலையில் மாமி முன்னால் வந்து நின்று, "மாமி, சத்தியமாச் சொல்றேன். ஹீரோவைக் காட்டிலும் அவரைத்தான் எல்லாரும் பாத்தா. மூச்சு விடறதே தெரியலை" என்றான். சமாதானமாகச் சொன்னதுதான். ஆனால் மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மூச்சு விடறது தெரியலையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

கடைசியில் அவளைக் கிளப்பியவள் ஜுமைலா. எதிர்வீட்டுக் கொப்பரை வியாபாரி மொய்து ராவுத்தரின் மனைவி. ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வாரம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தவள். விஷயம் தெரிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறிவந்தாள்.

"என்ன மாமி இது? அவரு உசிரோட இருக்கப்போய்த்தானே கூப்பிட்டு நடிக்க வெச்சிருக்காங்க? செத்த மய்யித்தைக் கூட்டிவந்தா மய்யித்தா நடிக்கவெப்பாங்க? ஞாயித்துக்கிழமையோட படத்தைத் தூக்குறாங்களாம். மாட்டினிக்குப் போயிட்டு வந்துருவோம். பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கிடுங்க."

மாமி சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு வந்து, "நீங்களும் கூட வாங்கோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தப் படத்துக்குப் பிறகு, இதை நான் எழுதுகிற நாள்வரை, வாஞ்சிநாதனுக்கு இரண்டு படங்களில் வேஷம் கிடைத்திருக்கிறது. மாமி பயந்தபடியே இந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை. "ரெண்டுலேயும் உசிரோட இருக்காராக்கும்" என்று மாமி எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கும் அடுப்புக்குமான நடை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நல்ல கூட்டம். பெண்கள் இருவரும் முன்வரிசையில். நான் நேர் பின்னால். கொலை நடக்கும்போது மாமி கண்ணை மூடிக்கொண்டாள். "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று ஜுமைலா சொன்ன பிறகுதான் திறந்தாள். ரயில் காட்சியில் கொட்டகை அதிர்ந்தது. ஜுமைலா சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். மாமி சிரிக்கவில்லை. "இளைச்சுத்தான் போயிருக்கார்" என்றாள்.

கல்யாண வீடு வந்தது. கோட்டும் தொப்பியுமாக அவரைப் பந்தியில் உட்காரவைத்திருந்தார்கள். முன்னால் தலைவாழை இலை, அதில் எல்லாம் பரிமாறியிருந்தது. ஹீரோ பெண்வீட்டாரிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தார். அப்போது எங்கிருந்தோ ஒரு ஈ வந்து வாஞ்சிநாதனின் மூக்கில் உட்கார்ந்தது. படப்பிடிப்பில் தானாக வந்த ஈயாகத்தான் இருக்க வேண்டும். மூக்கிலிருந்து கன்னத்துக்கு நடந்தது; கன்னத்திலிருந்து கண்ணோரத்துக்கு ஏறியது. அவர் இமை ஆடவில்லை. ஜனங்கள் நாற்காலியைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

எனக்கு முன்னால், ஜுமைலாவின் பிடியிலிருந்து மாமியின் வலது கை மெல்ல விடுபட்டது. திரை வெளிச்சத்துக்கு எதிரே உயர்ந்து, அந்த ஈயை ஓட்டியது.