மூன்றாம் கரை விருந்தாளி

அம்மா எழுதிய பேய்க்கதையை நம்பி, ஷார்ஜாவிலிருந்து வந்த சொந்த அப்பாவை நீங்கள் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? நான் வைத்திருக்கிறேன். அப்போது நான் நாலாங்கிளாஸ்.

அம்மா ஒரு கதை ஆப்பில் திகில் தொடர் எழுதிக்கொண்டிருந்தாள். குளத்தூர்ப் பக்கத்து எங்கள் கண்மாய் மாதிரியே அதிலும் ஒரு கண்மாய். ஆனால் அதற்கு யார் கண்ணுக்கும் படாத மூன்றாம் கரை ஒன்று உண்டு. அங்கிருந்து விருந்தாளி வருவான். ஊரில் மற்ற பேய்களுக்கெல்லாம் நைட் டியூட்டி. அம்மாவின் பேய் மதியச் சாப்பாட்டுக்கு வரும். சென்ட் மணக்க, கை நிறையச் சாமானோடு வரும். அடிக்காது, ரத்தம் குடிக்காது. வீட்டுப் பெண்ணின் குரலை மட்டும் துணி மாதிரி மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விடும். ஒரே கண்டிஷன், அந்தப் பெண்ணே தன் வாயால் ‘வாங்க’ என்று சொல்லாமல் அதனால் நிலைப்படி தாண்ட முடியாது.

கமென்ட்டில் ஜனம் கதறியது. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தைதான் முதல் ரசிகை. அப்பாவும் ஷார்ஜா ரூமில் எல்லோருக்கும் லிங்க் அனுப்பி, என் ஒய்ஃப் எழுதியது என்று பீற்றிக்கொள்வாராம்.

அப்பா லீவில் வருகிற வாரம் பார்த்து ஒரு எபிசோடு வந்தது. விருந்தாளி அந்த வீட்டு ஆம்பளையின் உருவத்திலேயே வந்து நிற்கிறான். சின்னப் பிள்ளை ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிறது, அம்மாக்காரியும் ஏமாந்து ‘வாங்க’ என்றுவிடுகிறாள். அவ்வளவுதான், அம்மாக்காரிக்குக் குரல் போச்சு. லூசுப் பிள்ளை, தாழ்ப்பாள் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் அம்மா கூப்பிட்டால் அடுத்த தெரு நாயும் திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலைத் தூக்கிக் கொடுக்க நான் என்ன கேனையா?

அத்தை கார் பிடித்துக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனாள். கார் வந்து நின்றது சரியாகச் சாப்பாட்டு நேரத்தில். ஜன்னல் வழியாகச் சென்ட் வாடை. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி மேல் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“பாப்பா, அப்பா வந்துருக்கேன். கதவத் தொறடா.”

“அம்மா வாங்கன்னு சொல்லணும். அப்பத்தான் தொறப்பேன்.”

“ஏ கூறுகெட்டவளே, எங்கண்ணன் வெயில்ல நிக்கிறாங்கடி,” என்றாள் அத்தை. “கதையப் படிச்சுப்புட்டு ஆடுறா பாருங்கண்ணே.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “அட, நாந்தான் அந்த விருந்தாளியா? செரி விடு. ரைட்டர் மேடம், ஒரு வாங்க சொல்லுங்க. பேய்க்குப் பசிக்குது.”

நான் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த கீரைக்காரியையே வாயார வாங்க சொல்பவள், ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதையும் இறக்கவில்லை.

வெளியே சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னங்கண்ணி வெளாட்டு இது, அங்கிட்டு ஆளுக பாக்குறாக,” என்று அத்தை முனகினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்து, “வாங்க,” என்றாள். அடுத்த தெரு நாயை விடுங்கள், எனக்கே பாதிதான் கேட்டது.

நான் திறந்தேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். சாக்லேட், பேசும் பொம்மை, அம்மாவுக்குப் புடவை. அப்பா நல்லவர், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேயென்றால் இத்தனை நல்லதாக இருக்குமா? இல்லையென்றால் அம்மா ஏன் அத்தனை நேரம் சும்மா நின்றாள்?

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது முதல் அப்பளத்தை அம்மா என் தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் அது எப்போதும் அப்பாவுக்குத்தான். தாழ்ப்பாள் போட்டதற்கு அடி விழும் என்று பயந்து உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பளம் எதற்கு என்று விளங்கவில்லை. நொறுக்கித் தின்றுவிட்டேன்.

அப்பா ஷார்ஜா வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அம்மா இப்போது எழுதுவதில்லை.